அம்மா சொல்லாத பெயர்

சேற்றிலிருந்து காலைப் பிடுங்கும் 'சளக்' சத்தமும், கட்டி வைத்த நாற்று முடியை அவிழ்க்கும்போது எழும் பச்சை வாடையும் இன்றைக்கு எங்கே எதிர்ப்பட்டாலும் எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. மனம் மரத்துப்போய் நிற்கும், அவ்வளவுதான். அது ஒரு சம்பா நடவுக்கு முன்னால் தொடங்கியது.

சென்னைக் கோட்டையில் புது ஆட்சி வந்திருந்த காலம். முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊரில் கூலி மட்டும் பழைய கூலிதான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்கப் போனவர்களில் என் அப்பா மாரிமுத்துவும் ஒருவர். பண்ணையின் ஆட்கள் வாய்க்கால் கரையில் மறித்து அடித்தார்கள். அப்பாவைக் கயிற்றுக் கட்டிலில் பிணமாகத் தூக்கி வந்தார்கள். அம்மா அழவில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் கட்டிக்கொண்டு உலுக்கியும் அழவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது. சோறு வைத்தால் தின்றாள், வைக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருந்தாள். "அழுதாதான் ஆறும். இல்லேன்னா இவளும் போயிடுவா" என்று அப்பாவின் அக்கா, அஞ்சலை அத்தை, சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு இருந்த பயமும் அது ஒன்றுதான்.

நடவு தொடங்கியதும் அத்தை அவளைக் கையைப் பிடித்து வயலில் இறக்கினாள். எங்கள் தெருவின் 'பாட்டுக்காரி' அம்மாதான். நடு வரிசையில் நின்று அவள் ஓரடி எடுப்பாள், மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி 'ஏலேலோ' போடுவார்கள். அடிகளை அங்கேயே கட்டுவாள். எவள் புருஷன் என்ன கூத்தடித்தான் என்று பெயர் சொல்லியே இழுப்பாள், குனிந்த முதுகெல்லாம் சிரிப்பில் குலுங்கும். தன் புருஷன் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி வாயில் வரக்கூடாத பெயர் அது.

அம்மா வாய் திறக்கவில்லை. வேறு யாரும் அடி எடுக்கவுமில்லை. அவள் பாடும் நேரத்துக்குச் சும்மா நட்டார்கள், பிறகு எல்லோருமாக 'ஏலேலோ' மட்டும் போட்டார்கள், மறுபடி அவளுக்கு இடம் விட்டார்கள். வரப்பில் நின்ற பண்ணைக் காரியக்காரர் எரிச்சலோடு, "என்னாடி இது, தலையில்லாத பாட்டு? வேற எவளாவது எடுங்கடி" என்றார். அத்தை நிமிரவில்லை. "அது அவ எடமுங்க. அவளே எடுப்பா."

நாள்கள் அப்படியே போயின. கடைசியாக நட்டது அப்பாவை அடித்த வாய்க்காலை ஒட்டிய வயல். அங்கே, அவர்கள் விட்ட இடத்தில், கரகரத்த ஒரு குரல் வந்தது: "செவப்புத் துண்டு தோளு மேலே, மாரிமுத்து எங்கே போறே?"

நட்ட கைகள் நின்றுவிட்டன. பிறகு அத்தை அதைத் திருப்பிச் சொன்னாள். வரிசை முழுக்கச் சொன்னது. அம்மா நட்டுக்கொண்டே அழுதாள், மூக்கைத் துடைக்கவும் முடியாமல் கையெல்லாம் சேறு. அந்த ஓரடியையே வயல் முடியும்வரை பாடினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பார்த்து, "பசிக்குதாடி?" என்றாள்.

அம்மாவுக்கு ஆறியது. எனக்கு ஆறவில்லை. வரப்பிலிருந்து நாற்று முடி வீசிக்கொண்டிருந்தவள் நான். வரிசையில் நிற்கவுமில்லை, பாடவுமில்லை.

அதன் பிறகு அம்மா நெடுங்காலம் இருந்தாள், அந்தப் பெயரை மட்டும் மறுபடி சொன்னதில்லை. ஆபீசில் புருஷன் பெயர் கேட்டால், "இவளைக் கேளுங்க" என்று என்னைக் காட்டுவாள். போன தையில் அவளும் போய்விட்டாள். அந்த வாய்க்காலோர வயலில் இப்போது எங்களுக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. இந்தச் சம்பாவுக்கு நடவு எந்திரம் ஓட்டி வந்த பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நட்டுக்கொண்டிருந்தான். நான் வரப்பைவிட்டு இறங்கி, சேற்றில் நின்று, அந்த அடியை எடுத்தேன். மாரிமுத்து எங்கே போறே என்று கேட்டுவிட்டு, வரிசை திருப்பிச் சொல்லும் நேரத்துக்கு நின்றேன். எந்திரம் என் பக்கமாகத் திரும்பி வந்தது, நான் ஒதுங்கிக்கொண்டேன்.