ஆக்னஸ் பூசிய களிம்பு

ஆவடி மார்க்கெட் பக்கத்து பார்லரில், ரோஷினி இழுத்து எடுத்த வேக்ஸ் துணியில் முடி மட்டும் இல்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆக்னஸின் தோலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பால் ஆடை போல மெலிசாக, சுருங்கி, ஓரத்தில் லேசாக ரத்தம் கட்டியிருந்தது. ரோஷினி அந்தத் துணியை விரல்நுனியில் பிடித்தபடி, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள்.

"மெதுவாத்தான் மேடம் இழுத்தேன். இப்படி யாருக்கும் வந்ததில்ல. மூஞ்சிக்கு இன்னா போடறீங்க?"

"ஒண்ணும் போடறதில்லம்மா. வயசாகுதுல்ல" என்றாள் ஆக்னஸ்.

சொல்லும்போதே வாய்க்குள் கசந்தது. கண்ணாடியில் மேலுதட்டுக்கு மேல் பச்சைப் புண்ணாக ஒரு வட்டம். அதைச் சுற்றிச் சிவப்பு நரம்புகள் நூல் நூலாக ஓடின. இரண்டு கன்னங்களிலும், பதினாறு வயதுப் பையனுக்கு அரும்புவது போல, கறுப்புப் பூனைமுடி இறங்கியிருந்தது. ஐம்பத்து மூன்று வயதுப் பெண்ணின் முகம் என்று அதைச் சொல்ல முடியாது. எந்த வயதுக்கும் உரிய முகமாக அது இல்லை.

ஆக்னஸின் அப்பா நாசரேத்திலிருந்து வந்து ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ஆக்னஸ், இருபத்தேழாவது வயதில் வேலப்பன்சாவடியில் ஒரு எஞ்சினியரிங் காலேஜில் வரவேற்பு மேசை வேலைக்கு மனு போட்டாள். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள். டைப்பிங்கில் ஹையர் முடித்திருந்தாள். ஆனால் முதல் இன்டர்வியூவில் இருந்த ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம், அவள் காதில் விழும்படியே, "ஃப்ரண்ட்ல உக்கார்ற பொண்ணு கொஞ்சம் பளிச்னு இருக்கணும் சார்" என்றார். இரண்டாவது இன்டர்வியூவுக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்த சுப்பராயன் ஒரு சின்ன டியூபை எடுத்துக் கொடுத்தார். படுக்கப்போகும் முன் பயறு அளவு தடவச் சொன்னார்.

பத்தே நாளில் முகம் வெளுத்தது. பருத்தழும்பு காணாமல் போனது. வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் அமல்ராஜோடு கல்யாணமும் ஆனது. ஆக்னஸ் டியூபை விடவே இல்லை. இரண்டு நாள் தடவாவிட்டால் முகம் எரிந்து சிவக்கும். மறுபடி தடவினால் அடங்கிவிடும். அதனாலேயே அது தன் தோலுக்கு ரொம்ப ஒத்துப்போகிற மருந்து என்று நம்பினாள். கம்பெனி பேர் மாறியது, டியூபின் நிறம் மாறியது, உள்ளே இருந்தது மாறவில்லை.

நாற்பத்தைந்துக்கு மேல் தோல் உலர ஆரம்பித்தது. மாதவிடாய் நின்றபின் இன்னும் மோசம். சோப்புப் போட்டுக் கழுவினால் முகம் அப்பளம் போல இழுத்துக்கொண்டது. இருபத்தேழு வயதில் செய்ததையே இரண்டு மடங்காகச் செய்தாள் ஆக்னஸ். காலையில் பருவுக்கான அதே காரச் சோப்பு, வாரம் இரண்டு தடவை மணல் மணலாக இருக்கும் ஸ்க்ரப், மாதம் ஒரு ப்ளீச், நடுவில் எலுமிச்சம்பழம். ராத்திரிக்கு டியூப். பயறு அளவு என்பது அவரைக்கொட்டை அளவாகியிருந்தது.

பார்லரில் தோல் உரிந்த நாலாம் நாள், காயம் சீழ் வைத்தது. பயந்துபோய் அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போனாள். டாக்டர் வித்யாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல மூஞ்சிக்குப் போடறது எல்லாத்தையும் ஒண்ணு விடாம நாளைக்குக் கொண்டு வாங்கம்மா" என்றார்.

மறுநாள் துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தபோது ஆக்னஸுக்கே கூச்சமாக இருந்தது. பதினோரு சாமான்கள். சிலவற்றின் மூடியில் பழைய களிம்பு மஞ்சளாகக் கெட்டிப்பட்டு, அதில் முடி ஒட்டியிருந்தது. ஒரு டப்பாவைத் திறந்ததும் காறல் எண்ணெய் நாற்றம் வந்தது. இதையா தினமும் முகத்தில் தேய்த்தோம் என்று நினைத்தாள்.

டாக்டர் டியூபை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

"இது எதுக்குப் போடற மருந்துன்னு தெரியுமா?"

"ஃபேர்னஸுக்கு."

"இல்லம்மா. தொடை இடுக்குல வர்ற படைக்குப் போடறாங்க. அதுக்கே இதைப் போடக் கூடாது. உள்ள ஸ்டீராய்டு இருக்கு. எத்தனை வருஷமா போடறீங்க?"

"இருபத்தாறு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று ஆக்னஸ் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

"வயசானா தோல் தானாவே மெலியும், காயும். அதுக்குத் தக்கபடி நாம கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுக்கணும். காரச் சோப்ப விட்டு மைல்டா ஒண்ணுக்கு வரணும், தேய்க்கறத நிறுத்தணும், ஈரப்பதத்துக்கு ஒரு க்ரீம், வெயிலுக்கு ஒண்ணு. அவ்வளவுதான். நீங்க அதுக்கு நேர் எதிரா பண்ணியிருக்கீங்க. இதை நிறுத்தினா முதல்ல ரொம்ப மோசமாகும். பயந்துட்டு மறுபடி இதைத் தொடாதீங்க."

தொடை இடுக்குப் படை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்த வார்த்தையே அவள் முகத்தில் அப்பியிருப்பது போல இருந்தது. வெள்ளானூர் ஃப்ளாட்டுக்கு வந்ததும் வாஷ்பேசினில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

டியூபை நிறுத்திய ஐந்தாம் நாள், டாக்டர் சொன்னது ஆரம்பித்தது. முகம் தக்காளியாகச் சிவந்து வீங்கியது. கன்னம் முழுக்கச் சீழ்க் கொப்புளங்கள் வந்தன. அவை உடைந்து தலையணை உறையில் ஒட்டி, காலையில் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. செதில் செதிலாகத் தோல் உதிர்ந்தது. சாப்பிடக் குனிந்தால் ரசத்தில் விழுந்தது. ஒருநாள் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். அமல்ராஜ் அந்தத் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார்.

"ஏங்க, நான் முதல்ல எப்படி இருந்தேன்?" என்று அவரிடம் கேட்டாள்.

அவர் யோசித்தார். "எனக்கு எப்படித் தெரியும்? பொண்ணு பாக்க வந்தப்பவே நீ இதப் போட்டுட்டுதான இருந்த."

அதுவும் சரிதான். கட்டிய புருஷன்கூடப் பார்த்திராத முகம் ஒன்று அவளுக்குச் சொந்தமாக இருந்தது. இந்தச் சீழுக்கு அடியில் அது மிச்சம் இருக்குமா என்பதுகூடத் தெரியவில்லை.

காலேஜில் மாஸ்க் போட்டுக்கொண்டு மூன்று நாள் ஓட்டினாள். செதில் கீபோர்டின் இடுக்குகளில் விழுந்து கிடந்தது. நாலாம் நாள் நிர்வாக அதிகாரி கஜபதி வந்து, மூக்கருகே கைக்குட்டையை வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளியே நின்றார்.

"அட்மிஷன் டைம் மேடம். பேரன்ட்ஸ் வருவாங்க. கொஞ்ச நாள் பின்னாடி ரெக்கார்டு ரூம்ல இருங்களேன். உங்களுக்கும் ரெஸ்ட் மாதிரி இருக்கும்."

இருபத்தாறு வருஷமாக இந்தக் கட்டடத்துக்குள் வருகிற ஒவ்வொருவரையும் "வாங்க" என்று சொன்னவள் அவள். கஜபதி வேலைக்குச் சேர்ந்த அன்று அவரையும் அப்படித்தான் வரவேற்றாள். அவருடைய கைக்குட்டையைப் பார்க்கப் பார்க்க, தன் முகத்தைவிட அது அசிங்கமாகப் பட்டது. பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

ரெக்கார்டு ரூமைப் பெருக்குவது ஜெகதாம்பாள். செம்பரம்பாக்கம் பக்கத்திலிருந்து வருகிறவள். நாற்பது வயதிருக்கும். ஆக்னஸ் அங்கே வந்த இரண்டாம் நாள், ஜெகதாம்பாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, முந்தானையிலிருந்து ஒரு காலி டியூபை எடுத்து நீட்டினாள்.

"ஆக்னஸ்ம்மா, நீ குடுத்தது தீந்துபோச்சு. பேரு எழுதிக் குடேன். எங்க ஊட்டாண்ட கடைல கேக்கறேன். ஸ்வாதிப் பொண்ணும் போட்டுகினு கீது. நல்லா வெளுக்குது."

ஆக்னஸுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு நினைவு வந்தது. இரண்டு மாதம் முன்பு, "உன்ன மாதிரி செவப்பாவணும்னா இன்னா பண்ணணும்?" என்று ஜெகதாம்பாள் கேட்டபோது, பெருமையோடு கைப்பையிலிருந்த டியூபை எடுத்துக் கொடுத்தவள் அவளேதான். ஸ்வாதிக்குப் பதினாலு வயது. ஒன்பதாவது படிக்கிறாள்.

"ஜெகதா, அதப் போடாத. பொண்ணுக்குப் போடவே போடாத. அது படைக்குப் போடற மருந்து. விஷம்."

ஜெகதாம்பாள் துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீ இத்தினி வருசம் போட்டியே, அப்ப வெசமா இல்லியா? நீ மட்டும் செவந்துகினு முன்னாடி உக்காரணும், நாங்க கறுத்துப்போய் பெருக்கணும். அதானே?"

ஆக்னஸ் எழுந்து மாஸ்க்கைக் கழற்றினாள். காது நாடா செதிலோடு ஒட்டியிருந்ததால் இழுத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைக் காட்டியபடி நின்றாள்.

ஜெகதாம்பாள் பின்னால் நகர்ந்து அலமாரியில் முட்டிக்கொண்டாள். கை தானாக வாய்க்குப் போயிற்று. குமட்டலை அடக்குகிறாள் என்று ஆக்னஸுக்குத் தெரிந்தது. கஜபதியிடம் வந்த எரிச்சல் இவளிடம் வரவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்றே நின்றாள்.

"இன்னாம்மா இது" என்றாள் ஜெகதாம்பாள் கடைசியில், குரல் இறங்கி. "இதுக்குத்தான் மாஸ்க் போட்டுகினு கீறியா?" பிறகு, "எம் பொண்ணுக்கும் இந்த மாதிரி வந்துருமா?"

"ரெண்டு மாசந்தான ஆச்சு. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. நானும் வரேன்."

அன்று சாயங்காலம் ஆக்னஸ் நேராகச் சுப்பராயன் கடைக்குப் போனாள். இப்போது அது பெரிய கடை. கண்ணாடிக் கதவு, ஏசி. சுப்பராயன் தலை நரைத்து, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். அவள் மாஸ்க் போடவில்லை. வரிசையில் நின்ற இரண்டு பேர் விலகி வழிவிட்டார்கள்.

"இது என்ன மருந்துன்னு தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பத்து நாளைக்குன்னுதான் அன்னைக்கு சொன்னேன் மேடம். நீங்க வந்து வந்து கேட்டீங்க, குடுத்தேன். கேக்கறவங்களுக்கு இல்லன்னு சொல்ல முடியுமா?"

பத்து நாளைக்கு என்று அவர் சொல்லவே இல்லை என்பது அவளுக்கு நிச்சயம். ஆனால் வந்து வந்து கேட்டது பொய்யில்லை. சீட்டு இல்லாமல், எதற்கு என்று யாரிடமும் விசாரிக்காமல், முப்பதில், நாற்பதில், ஐம்பதில் இதே கல்லாவுக்கு முன்னால் கை நீட்டி நின்றவள் அவள்தான். அவர் பின்னால் இருந்த தட்டில் அதே டியூப்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. மேலே ஒரு நடிகையின் படம், நகக்கண்கூட வெள்ளையாக. ஆக்னஸுக்கு அவரையும் பிடிக்கவில்லை, படத்தையும் பிடிக்கவில்லை, தன்னை எல்லாவற்றையும்விடப் பிடிக்கவில்லை. டாக்டர் எழுதித் தந்த சீட்டை எடுத்து நீட்டாமலே இறங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடையில் வாங்கிக்கொண்டாள்.

அடங்க எட்டு மாதம் ஆயிற்று. சீழ் நின்றது, செதில் நின்றது. கன்னத்து முடி முழுசாகப் போகவில்லை. நரம்புக் கோடுகளும் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளேயிருந்து வந்த முகம் மாநிறம். கண்ணுக்குக் கீழே தொய்ந்து, வாயோரத்தில் மடிப்பு விழுந்து, நெற்றியில் திட்டுத் திட்டாக இருந்தது. அது பிடித்திருக்கிறதா என்று ஆக்னஸ் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் காயும் முன் க்ரீம் தடவி, வெளியே கிளம்புகிறபோது சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்வதோடு முடிந்தது. டிவியில் முக க்ரீம் விளம்பரம் வந்தால் மட்டும் சானலை மாற்றிவிடுவாள்.

கஜபதி ஒருநாள் ரெக்கார்டு ரூம் வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை கைக்குட்டை இல்லை.

"இப்ப பரவாயில்ல மேடம். முன்னாடி வந்துடலாமே."

"சார், இந்த மூஞ்சி இனிமே வெளுக்காது. இன்னும் வயசுதான் ஆகும். அதுக்கு ஒத்துக்கிட்டா வரேன்."

அவர் சிரித்து மழுப்பினார். மறுவாரம் ஆக்னஸ் வரவேற்பு மேசைக்குத் திரும்பினாள்.

ஸ்வாதிக்கு நாலு மாதத்தில் சரியாகிவிட்டது. டியூபை நிறுத்தியபின் கன்னத்தில் வந்த பருக்களில் இரண்டு மட்டும் குழித்தழும்பாக நின்றுவிட்டன. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு ஆக்னஸ் கூடவே போனாள். கடைசித் தடவை பெஞ்சில் காத்திருந்தபோது, ஜெகதாம்பாள் டீ வாங்கப் போயிருந்தாள். ஸ்வாதி திடீரென்று ஆக்னஸ் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, நீங்க எங்கம்மாவாண்ட அதக் குடுத்திருக்கக் கூடாது."

"கூடாதுதாம்மா" என்றாள் ஆக்னஸ்.

வேறு ஏதாவது சொல்வாள் என்று ஸ்வாதி கொஞ்சநேரம் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு ஆள் இடம் தள்ளி உட்கார்ந்து, பையிலிருந்து சயின்ஸ் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து நர்ஸ் அவள் பேரைக் கூப்பிட்டபோது, ஆக்னஸ் ஓபி சீட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் எழுந்து போனாள்.