கரும்புச் சோகையில் வளர்ந்த பூஞ்சை

எழுபதுகளின் பின்பாதியில் புனேயில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். நாங்கள் குடியிருந்த கோர்படியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். எனக்கு அடுத்த அறையில் பூஞ்சைகளை ஆராயும் அம்மையார் ஒருவர் இருந்தார். மராத்திக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் மேடம் என்பேன். நாங்கள் ஹிந்தியில் பேசிக்கொண்டதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அறுவடைக் காலத்தில் மேடம் பஸ் பிடித்துக் கரும்புத் தோட்டங்களுக்குப் போவார். சோகை எனப்படும் காய்ந்த கரும்பு இலைகளைக் காகித உறைகளில் போட்டு எடுத்து வருவார். அவற்றில் ஒட்டியிருக்கும் பூஞ்சைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கண்ணாடிக் குழாய்களில் வளர்ப்பார். எது எந்தச் சூட்டில் வளர்கிறது, என்ன நிறம் காட்டுகிறது என்று நோட்டில் குறித்துவைப்பார். அவ்வளவுதான் வேலை.

வீட்டில் சொன்னபோது, ராணுவத் தொழிற்சாலையில் கடைசல் பிடித்துக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார்.

"பூசணம் வளக்கவா சர்க்கார் பணம் குடுக்குது? மழக்காலத்துல நம்ம வீட்டுப் பாவ் ரொட்டில சும்மாவே வளருதே."



ஆய்வுக்கான உதவித்தொகை முடியும் சமயத்தில் புது விண்ணப்பத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். "இந்த ஆய்வினால் விளையும் பயன்" என்று அதில் ஒரு கேள்வி. மற்றவர்கள் அதற்கு ஒரு பக்கம் நிரப்புவார்கள். மேடம் எழுதியிருந்தது: "இப்போது தெரியாது. ஆனால் இவை என்னென்ன என்று இதுவரை யாரும் எழுதிவைக்கவில்லை."

நான் தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். "மேடம், கரும்பு நோய்க்கு மருந்து கிடைக்கும்னு ஒரு வரி சேத்துரலாமா? எல்லாரும் அப்படித்தான எழுதுறாங்க."

"மருந்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதே. இருக்கறத அப்படியே அடிங்க."

விண்ணப்பத்தைப் பரிசீலிக்க டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. சுருக்கெழுத்துக்காக நானும் உட்கார்ந்திருந்தேன். இதனால் யாருக்கு லாபம் என்று ஒருவர் சற்றுக் கடுமையாகவே கேட்டார். மேடம் குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்கு ஒருத்தர் ஒரு பூஞ்சையக் கொண்டுவந்து இது என்னன்னு கேட்டா, பதில் சொல்ல ஒரு இடம் வேணும். இப்ப அது இல்ல."

கேட்டது மூன்று வருடம், கொடுத்தது இரண்டு. உதவியாளர் கிடையாது என்றார்கள். மேடம் குழாய்களைத் தானே கழுவினார். மதிய இடைவேளையில் நான் பெயர்ச்சீட்டுகள் எழுதிக் கொடுப்பேன்.

இரண்டாவது வருடம் ஒரு கண் டாக்டர் சிறு குழாயோடு வந்தார். கரும்பு வெட்ட வந்த பெண் ஒருத்திக்குச் சோகை கீறிக் கண்ணில் புண். போட்ட சொட்டு மருந்து எதுவும் கேட்கவில்லை. புண்ணைச் சுரண்டி வளர்த்துப் பார்த்ததில் பூஞ்சை வந்திருக்கிறது. ஆனால் அது காற்றில் வந்து விழுந்த தூசியாக இருக்கும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்களாம்.

மேடம் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து தன் குழாய் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார்.

"இது தூசி இல்ல, டாக்டர். கரும்புச் சோகையில இருக்கறது. டவுன் காத்துல நான் இத ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

டாக்டர் அன்றே பம்பாய்க்கு ஆள் அனுப்பிப் பூஞ்சைக்கான மருந்தை வரவழைத்தார். அடுத்த சில வாரங்கள், வேலையிலிருந்து வந்ததும் என் கணவர் கேட்கும் முதல் கேள்வி, "அந்தப் பொம்பளைக்குக் கண்ணு எப்படி இருக்காம்?" என்பதுதான்.

கண் பிழைத்தது. வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது, பார்வை சற்று மங்கல்தான். ஆனாலும் அடுத்த பருவத்துக்கு அவள் வெட்டுக்கு வந்துவிட்டதாக டாக்டர் சொல்லியனுப்பினார்.

மேடத்துக்குச் சந்தோஷம். ஆனால் அந்த ஒரு பூஞ்சையைப் பிடித்துக்கொண்டு அவர் மற்றவற்றை விட்டுவிடவில்லை. அதைத்தான் நான் இன்றுவரை வியக்கிறேன். அந்த வருடம் அறுவடை தொடங்கியதும், உறைகளைப் பிடித்துக்கொள்ள நானும் அவரோடு தோட்டத்துக்குப் போனேன். கையெல்லாம் கீறல். சாயங்காலம் ஆராய்ச்சி நிலையத்துக்குத் திரும்பி, யாரும் எதுவென்று கேட்டிராத பூஞ்சைகளுக்காகப் புதுக் குழாய்களை வரிசையாக அடுக்கினோம்.