ஓட்டுபவருக்கே பாட்டு

காலை 8.10, கடலூர் முதுநகர். சிதம்பரத்துக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர். பத்து மணிக்கு என் மனைவி ஸ்டெல்லாவின் தங்கை வீட்டில், ஃபாதர் வந்து செபிக்கும் புதுவீடு மந்திரிப்பு.

எங்கள் காரில் ஒரு சட்டம் உண்டு: ஓட்டுபவர்தான் பாட்டுப் போட வேண்டும். ஸ்டெல்லாவுக்கு லைசென்ஸ் இல்லாத தைரியத்தில் பதினோரு வருடத்துக்கு முன் நானே போட்டது. அன்றிலிருந்து வண்டியில் ஒரே இசையமைப்பாளர்தான், அதிலும் அவருடைய ஆரம்ப காலப் பாட்டுகள் மட்டும். போன மாதம் அவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள்; இன்று ஸ்டியரிங் அவள் கையில். டிரைவிங் ஸ்கூலுக்குப் பணம் கட்டியது நான். சொந்தக் காசில் சூனியம்.

8.30, செம்மங்குப்பம். ரசாயன ஆலைகளின் வாடைக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். உள்ளே ஒரு கிதார் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தது.

"எந்த ஊருப் பாட்டு இது?"

"மாலி. ஆப்பிரிக்கா, மாமா."

"எங்கயோ சிக்கிக்கிச்சா?"

"கொஞ்சம் பொறுங்க, வரும்."

"எது?"

"அதான் வந்துக்கிட்டிருக்கே."

ஆலப்பாக்கம் தாண்டும்போது என் வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் பார்த்துவிட்டாள். பயத்தில் பிரேக்கை மிதிப்பவன்போலப் பாசாங்கு செய்தேன்.

8.50, புதுச்சத்திரம். இரண்டு டீ, முப்பது ரூபாய்.

"களைச்சுப் போயிருப்ப, நான் ஓட்டறேனே" என்றேன்.

"எனக்கு ஒரு களைப்பும் இல்ல."

"இதெல்லாம் எப்பக் கேட்ட நீ?"

"தைக்கிறப்ப, காதுல மாட்டிக்கிட்டுத்தான்."

"எங்கிட்டச் சொல்லவேயில்லியே?"

"வண்டியிலதான் உங்க பாட்டு ஓடுமே."

9.40, சிதம்பரம். முட்லூரில் தொடங்கிய கவ்வாலி என்ற சூஃபிப் பாட்டு கீழ வீதிக்கு வந்தும் முடியவில்லை. பாடகர் மூச்சைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். அவரை அந்த உயரத்தில் விட்டுவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்படியே ஒரு சுத்து போ" என்றேன்.

கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. நடராசர் கோயிலை இரண்டு கிறிஸ்தவர்கள் காரில் மூன்று முறை வலம் வந்தோம். தங்கை போன் செய்தாள்.

"ஃபாதர்கூட வந்தாச்சு, நீங்க எங்கக்கா இருக்கீங்க?"

"டிராஃபிக் ஜாஸ்திடி" என்றாள் ஸ்டெல்லா. எதிரே ஒரு பசு மட்டும் நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஃபாதர் தீர்த்தம் தெளித்து முடித்து இட்லிக்கு உட்கார்ந்திருந்தார்.

மாலை 4.00. கை வலிக்கிறது என்று சாவியை என்னிடம் கொடுத்தாள். பெரிய மனசு பண்ணி, "உன் பாட்டையே போடட்டா?" என்றேன்.

"வேணாம் மாமா. நீங்கதான ஓட்டறீங்க. உங்க பாட்டையே போடுங்க, எனக்குத்தான் பழகிப்போச்சே."

சுருக்கென்றது. பதினோரு வருடமாகக் கூடவே முணுமுணுத்து வந்தவளுக்கு என் பாட்டுகள் பிடித்துத்தான் இருக்கின்றன என்று நம்பியிருந்தேன். ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

முட்லூர் வரை வண்டியில் பாட்டே இல்லை. பிறகு ஓரமாக நிறுத்தி, "வேற என்னென்ன வச்சிருக்க?" என்று கேட்டேன்.

அவள் போனை எடுத்தாள். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், வெகுநேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.