வாமதேவனின் இரண்டாவது கண்ணாடி

லண்டனில் விம்பிள்டன், குரோய்டன் பக்கத்தில் கார் ஓட்டப் பழகிய தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் வாமதேவனிடம் ஏச்சு வாங்கியவர்கள். காரின் முன்பக்கக் கண்ணாடியில் அவர் இன்னுமொரு சின்னக் கண்ணாடியை ஒட்டி வைத்திருப்பார். அது வீதியைப் பார்ப்பதற்கல்ல, ஓட்டுகிறவரின் கண்ணைப் பார்ப்பதற்கு. "இடப்பக்கம் பாக்காமல் திருப்புறீர். என்னை ஏமாத்தேலாது," என்பார். ஏமாற்றவும் முடியாது, மனிதர் அப்படி.

அவரிடம் பழகிய மேரிசாந்திக்கு, முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை கிடைக்க இருந்தது. லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்து, ஒருவழியாக வருகிற வியாழக்கிழமை டெஸ்டுக்கு நாள் கிடைத்திருந்தது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஒரு சந்தியில், "கிளியர் பிள்ளை, போம்," என்றார் வாமதேவன். அவள் போகாமல் பிரேக்கை மிதித்தாள். இடப்பக்கமிருந்து சைக்கிளில் வந்த பெண் பம்பரில் உரசாத குறையாகக் கடந்து போனாள்.

"கண்டனான். நீர் பாக்கிறீரோ எண்டு சோதிச்சனான்."

மேரிசாந்தி காரை ஓரமாக நிறுத்தினாள். "அண்ணை, நீங்கள் என்ர கண்ணைப் பாக்கிற கண்ணாடியில உங்கட கண்ணும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை காருக்கு நேர முன்னால வருமட்டும் உங்கட கண் அசையவே இல்லை."

கண்ணாடியில் ஒருவரின் கண்ணை நாம் கண்டால் அவரும் நம் கண்ணைக் காண்பார். வெளிச்சம் போன வழியே திரும்பியும் வரும். இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடியை வைத்துப் பிழைத்தவருக்கு இது உறைக்கவே இல்லை. அன்றே கண் பரிசோதனைக்கு நாள் கேட்டார்.

திங்கட்கிழமை, மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் பரிசோதனை. பெரிய கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும் போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நெடுநேரம் ஒன்றுமே தெரியவில்லை. பயம் பிடித்துக்கொள்ள, குத்துமதிப்பாக அழுத்தத் தொடங்கினார்.

"சார், புள்ளி வராத நேரத்துலயும் அழுத்தியிருக்கீங்க," என்றான் பரிசோதித்த ராம்கி, சென்னைப் பையன். இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தார். தாளில் ஓரமெல்லாம் கறுப்பாக வந்தது.

"கண்ணுல அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்குன்னு நினைக்கிறேன். போன பார்வை திரும்பாது சார். ஆஸ்பத்திரிக்கு எழுதுறேன். இனிமே வண்டி ஓட்டாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து சொல்லியும் குடுக்காதீங்க."

கடை வாசலில் நின்றே மேரிசாந்திக்குப் போன் எடுத்துச் சொன்னார். வியாழனுக்குள் டெஸ்டுக்கு ஓட்டிப்போக வேறு கார், பக்கத்தில் இருக்க வேறு ஆள் கிடைக்காதென்று இருவருக்கும் தெரியும்.

"ஒரு நாள்தானே அண்ணை. போற வழியில உங்களுக்கும் சேர்த்து நான் பாக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

ஓம் என்று சொல்லத்தான் அவருக்கு விருப்பம். அந்தச் சைக்கிள் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்தார். முகம் நினைவுக்கு வரவில்லை.

"ஏலாது பிள்ளை."

"அப்ப நான் அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேணும்," என்றாள் அவள். போன் வெட்டுப்பட்டது.

அவள் சொன்னதில் என்ன பிழை என்று அவருக்குத் தெரியவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்தில் போய் நின்று அழுதார்.