மூச்சை விட்டபடி எடுத்த படம்

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு சிறிய பரிசோதனை மையத்தில் சில ஆண்டுகள் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தேன். தொழிற்சாலையில் சேரப்போகிறவர்கள் உடற்தகுதிச் சான்றுக்கு அங்கே வருவார்கள். இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால், மருத்துவர் நெஞ்சுப் படமும் கேட்பார். நெடுநாள் அழுத்தம் இதயத்தைப் பெரிதாக்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இதயத்தின் நிழல் மார்புக்கூட்டின் அகலத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

ஒரு காலையில் தென்காசிப் பக்கத்து இளைஞர் ஒருவர் வந்தார். வல்லம் வடகாலில் ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். இரண்டு முறை பார்த்தும் அழுத்தம் கூடுதலாகவே காட்டியது. வரிசை நீண்டிருந்ததால் படத்தை எடுத்தவுடன், அதைக் கூர்ந்து பாராமல், மருத்துவரிடம் அனுப்பிவிட்டேன்.

சற்று நேரத்தில் அந்த இளைஞர் படமும் கையுமாக வெளியே வந்தார்.

“இன்னாபா, மூஞ்சி தொங்கிகினு கீது?” என்றார் மையத்தைப் பெருக்கும் அம்மா.

“ஹார்ட்டு பெருசா இருக்காம்க்கா. வேலைக்கு ஆவாதுன்னுட்டாவ. ஊர்ல அப்பாட்ட என்னன்னு சொல்ல?”

“ஒரே ரூம்ல ஆறு பேர அடைச்சிகினு கீறீங்க, ஹார்ட்டு பெருசாவ எங்கபா இடம்?”

அவர் சிரிக்கவில்லை. நான் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மூச்சை நிறைய இழுத்திருந்தால் பின்பக்க விலா எலும்புகள் குறைந்தது ஒன்பது, பத்து தெரிய வேண்டும். ஏழுதான் தெரிந்தன.

“மூச்ச இழுத்துப் பிடிக்கச் சொன்னேனே தம்பி?”

“பிடிச்சேங்க்கா. முழுசா விட்டுட்டுப் பிடிச்சேன். அப்படி நின்னா பிபி குறையும்னு ரூம்ல அண்ணன்மாரு சொன்னாவ. எல்லா மிஷினுக்கும் அதான்னு நெனச்சேன்.”

மூச்சை விட்டால் நுரையீரலுக்கு அடியிலுள்ள உதரவிதானத் தசை மேலெழுந்து இதயத்தைத் தள்ளி, படத்தில் அகலமாகக் காட்டிவிடும். படம் எடுக்கும்போது கதிர்த் தடுப்புக்குப் பின்னாலிருந்து எனக்கு அவர் முதுகு மட்டுமே தெரிந்தது. ஆனாலும் படம் என் கைவழியாகத்தான் போயிற்று. விலா எலும்புகளை எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவள் நான். மருத்துவரிடம் அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இன்னொன்னு எடுங்கம்மா.”

இரண்டாவது படத்தில் இதயம் பாதிக்குள் அடங்கியிருந்தது. மருத்துவர் முன்பு எழுதியதை அடித்தார். ஆனால் சான்றில் கையெழுத்துப் போடவில்லை.

“படம் நல்லா இருக்குன்னா பிபி இல்லன்னு அர்த்தம் இல்ல. மாத்திரை சாப்பிட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு வா. இறங்கியிருந்தா போடறேன்.”

“அதுவரைக்கும் கம்பெனில எடத்த வச்சிருப்பாங்களா டாக்டர்?”

“லெட்டர் தரேன், கேட்டுப் பாரு.”

கேட்டிருக்கிறார், வைத்திருந்தார்கள். மாதம் முடிந்து வந்தவர், அழுத்தம் பார்க்கக் கையில் பட்டை சுற்றியதும் பழக்கத்தில் மூச்சை விட்டு அப்படியே நிறுத்தினார்.

“சும்மா மூச்சு வுடுபா, இன்னாத்துக்கு இந்த வேல?” என்றார் பெருக்கும் அம்மா.

அவர் வெட்கத்தோடு சாதாரணமாக மூச்சுவிடத் தொடங்கினார். எண் இறங்கியிருந்தது. கையெழுத்தான தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், உடனே எடுத்து மறுபடி படித்தார். மாத்திரைச் சீட்டை மேசையிலேயே விட்டுப் போகப் பார்த்தார். கூப்பிட்டுக் கொடுத்தேன்.