குக்கர் விசிலுக்கு நிற்கும் வாசிப்பு

நீலசந்திராவில் ஒரு தையல் கடைக்கு மேல் இருக்கும் அறையில், சனிக்கிழமைதோறும் கன்னடம் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு நாங்கள் சிலர் சொல்லித்தருகிறோம். நான் வேலூர்க்காரி, கம்பெனி வேலைக்கு வந்தவள். இங்கே சொல்லித்தர வேண்டுமென்றே கன்னட எழுத்துகளை அவசர அவசரமாகக் கற்றேன். பேருந்துப் பலகை ஒன்றையும் விடமாட்டேன், வாய்விட்டுப் படிப்பேன், பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள்.

அங்கே வந்தவர்களில் ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண் மட்டும் திணறவே இல்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். திங்கட்கிழமை ஆனேக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் அவளுக்குத் தேர்வு. அங்கே எடுத்துக்கொடுக்கும் பக்கத்தை வாசித்துக் காட்ட வேண்டும். கொஞ்சம் பழக்கிவிடுங்கள் என்றுதான் அவள் அம்மா விட்டுப்போயிருந்தார். அவளுக்கு என்ன பழக்குவது? தன் பள்ளிக் கன்னடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தாள். என் விரல் மூன்றாவது வரியில் தடவிக்கொண்டிருக்கும்போது அவள் பக்கத்தையே முடித்திருப்பாள்.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. ஒரு பாடத்தில், வாக்கியத்தின் நடுவே சட்டென்று நிற்பாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். எப்போது வாசித்தாலும் அதே இடம். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை, அங்கே ஏன் நிற்கிறாய் என்று கேட்டேன்.

"அங்க குக்கர் விசிலடிக்கும்க்கா. அது முடியிற வரைக்கும் மிஸ் பேசமாட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலத்தில் அவர்கள் மிஸ் பாடங்களைத் தன் வீட்டிலிருந்து படித்து, அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் குரல் பதிவாகப் போட ஆரம்பித்தாராம். இன்றும் போடுகிறாராம். பாத்திரம் கழுவிக்கொண்டே இவள் கேட்பாள். நாலைந்து தடவை கேட்டால் மனதில் நின்றுவிடும்.

அதே புத்தகத்தின் கடைசிப் பாடத்தைத் திருப்பி அவள் முன் வைத்தேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது இன்னும் வரலக்கா," என்றாள்.

ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினேன். தன் பெயரில் இருக்கும் எழுத்துகள் தெரிந்தன. மற்றவை தெரியவில்லை. ஐந்தாம் வகுப்புவரை எப்படி வந்தாள்? வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் படிப்பார்கள், தனியாக எழுப்பினாலும் நடத்திய பாடம்தான். கரும்பலகையில் இருப்பதை அச்சு மாதிரி பார்த்து எழுதுவாள். அவளிடம் கள்ளம் எதுவும் இல்லை. வாசிப்பது என்றால் இதுதான் என்றே நினைத்திருக்கிறாள்.

அம்மா கார்மெண்ட்ஸ் ஷிஃப்ட் முடித்து வந்ததும் சொன்னேன். முதலில் சிரித்தார். நான் கடைசிப் பாடத்தை நீட்டினேன். சிரிப்பு நின்றது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம். அந்த ஸ்கூல் புக்கு எதுன்னு கேட்டு இன்னிக்கே வாங்கியாறேன். மொத்தத்தையும் நீங்களே படிச்சி போன்ல போட்டுடுங்க. இவ புடிச்சிக்குவா."

எந்தப் பக்கத்தைக் கொடுப்பார்கள் என்று தெரியாதே என்றேன். அதனால்தான் மொத்தமும் கேட்கிறேன் என்றார், விவரமில்லாத பிள்ளையிடம் பேசுவதுபோல.

அவள்தான் குறுக்கே வந்தாள். "வேணாம்மா. நான் படிக்கல. கேட்டுத்தான் சொல்றேன்."

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருடமும் சேர்க்கலாம், அதற்குள் கற்றுக்கொள்வாள் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டே போனேன்.

"செகண்ட் ஷிஃப்ட் வந்தா இவள உள்ள வெச்சி பூட்டிட்டுத்தான் போறேன்," என்றார். "இன்னும் ஒரு வருஷம் பூட்டணுமா?"

அவர் ஏன் அந்த விடுதியை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யோசிக்காமல் சொன்னேன்: "பூட்டாதீங்கக்கா. ஸ்கூல் விட்டதும் இங்க வரட்டும். கீழ தையல் கடை அண்ணன் இருக்காரு. நானும் வந்துடறேன்."

"தினமுமா?"

"தினமும்."

திங்கட்கிழமை அவர்கள் ஆனேக்கல் போகவில்லை. சாயங்காலம் நான் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நகராத பேருந்துக்குள் நின்றபடி தையல் கடைக்காரருக்குப் போன் செய்தேன். வந்து மேலே உட்கார்ந்திருக்கிறாள், கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், நீங்கள் சீக்கிரம் வாருங்கள் என்றார்.