நாற்பதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவே

வாளிக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் கூட்டலக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அந்தப் பட்டியலைத் தயாரிப்பதும் அவளே என்பதால் வேறு யாரும் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போயிற்று. பிளாஸ்டிக் வாளி, குவளை, துடைப்பக் கைப்பிடி செய்கிற அந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறாள். யார் எந்த பில்லை நீட்டினாலும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். "செலவுல எழுதிடறேன். வரிக்குக் கூட்டிடுவேன்" என்பாள். அந்தக் கூட்டல்தான் பெயராக ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனிக்கு லாபம் ஒன்றுதான் இருக்கும் என்று உலகமே நம்பிக்கொண்டிருக்கிறது. இரண்டு இருக்கிறது. ஒன்று கம்பெனி தன் கணக்கில் பார்க்கிற லாபம். அதில் முதலாளி போடச் சொன்ன செலவெல்லாம் இருக்கும். இன்னொன்று வரித்துறை பார்க்கிற லாபம். இந்தச் செலவு வியாபாரத்துக்கா, உன் வீட்டுக்கா என்று வரித்துறை கேட்கும். வீட்டுக்கு என்றால் அதை லாபத்தோடு திரும்பக் கூட்டி வரி கட்டு என்று சொல்லிவிடும். முதல் லாபத்திலிருந்து இரண்டாவதற்குப் போக நடுவே ஒரே ஒரு தாள் உண்டு. முதலாளி யாருக்கும் தெரியாமல் செய்ததெல்லாம் கடைசியில் அந்தத் தாளுக்குத்தான் வந்து சேரும். அதை வருடா வருடம் எழுதுவது கூட்டலக்கா.

வீட்டிலும் இதே கூத்து. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சிகரெட் காசைக் காய்கறிக் கணக்கில் ஒளிப்பார்.

"தக்காளி இந்த விலைக்கு எந்தக் கடையிலயும் விக்கல. கூட்டிட்டேன்" என்பாள்.

"சரி, வரி எவ்ளோ?"

"ரெண்டு நாள் பாத்திரம்."

அவர் எதிர்த்துப் பேசாமல் தேய்ப்பார். தினமும் எட்டு மணி நேரம் அடுத்தவர் பிரேக்கை மறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற மனிதருக்குப் பாத்திரம் ஒரு பொருட்டில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் முதலாளியின் மாப்பிள்ளை வந்து நுழைந்தார். மூன்று வருடம் சொந்தமாக ஆலோசனை நிறுவனம் நடத்தியவர். அதை மூடிவிட்டு, மாமனார் கம்பெனியை நிமிர்த்தப் போகிறேன் என்று கண்ணாடி அறை ஒன்றைப் பிடித்துக்கொண்டார். கம்பெனி குனிந்திருந்ததாக அதுவரை யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் தன் வாடிக்கையாளர் துறைமுகத்துக்காரர் புராணம்தான். "துறைமுகத்துக்காரர் ஒரு அறிக்கைக்கே அஞ்சு லட்சம் குடுத்தாரு. கேள்வியே கேக்கல. அதுக்குப் பேருதான் நம்பிக்கை" என்பார்.

வந்த மூன்றாம் வாரம் பழைய கோப்புகளைப் புரட்டியவர், இரண்டு எண்களைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். நேராகக் கணக்குப் பிரிவுக்கு வந்து, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"கம்பெனி லாபம் நாப்பது லட்சம். வரிக்குக் காட்டினது அறுபத்தொண்ணு. நடுவுல இருபத்தொண்ணு லட்சம் எங்க போச்சு மேடம்?"

"எங்கயும் போகல சார். அதுக்கு ஒரு தாள் இருக்கு."

"எங்க அந்தத் தாள்?"

கோப்பில் அது இல்லை. கூட்டலக்காவின் கணினியில் நகல் இருந்தது, ஆனால் கோப்பிலிருந்து அதை எடுத்தது யார் என்று புரிந்ததும் அவள் கணினியைத் தொடாமல் கோப்பை மூடினாள்.

"சனிக்கிழமை பங்குதாரர் கூட்டம். அங்க வந்து ஒவ்வொண்ணா படிங்க. கணக்கு வரலேன்னா போலீஸுக்குப் போவேன்" என்றார் மாப்பிள்ளை.

திருடியதைத் தானே வரித்துறையிடம் எழுதிக்கொடுத்து, அதற்கு வரியும் கட்டுகிற திருடியை அவள் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் சுற்றி ஒன்பது பேர் தலையைக் குனிந்து தட்டச்சு செய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்கள். அவமானமாக இருந்தது. வேலை போனால் போகட்டும். திருடி என்ற பெயரோடு அந்தப் படியில் இறங்கக் கூடாது என்று நினைத்தாள்.

மாலை முதலாளி அவளைக் கூப்பிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். "எல்லாத்தையும் படிச்சிடும்மா. அந்த ஆறாவது ஐட்டம் மட்டும் வேண்டாம்."

ஆறாவது ஐட்டம், ஆலோசனைக் கட்டணம் ஐந்து லட்சம். வாங்கியவர் துறைமுகத்துக்காரர். அவர் முதலாளியின் நெடுநாள் நண்பர். மாப்பிள்ளையின் நிறுவனத்துக்கு ஒரு வாடிக்கையாளர்கூடக் கிடைக்காமல் மகள் அழுதபோது, முதலாளி பணத்தை நண்பருக்கு அனுப்பினார். நண்பர் அதை அப்படியே மாப்பிள்ளைக்கு அனுப்பி, கப்பல் கயிறு சந்தை பற்றி ஒரு அறிக்கை எழுதச் சொன்னார். மூன்று வருடம், மூன்று அறிக்கை. மூன்றும் நண்பரின் பில்லோடு வந்து, இப்போது கூட்டலக்காவின் அலமாரியில். வாளி செய்கிற கம்பெனிக்குக் கப்பல் கயிறு எதற்கு என்று வரித்துறை கேட்பதற்கு முன்னால் அவளே கேட்டுக்கொண்டு, வருடா வருடம் கூட்டிவிட்டாள்.

"அது இல்லாம கூட்டுத்தொகை வராது சார்."

"நீ கணக்குல புலி. எப்படியாவது பாத்துக்கோ."

புலியைப் பட்டினி போட்டுவிட்டுப் புல்லைக் காட்டுகிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முதலாளி மகளின் முகம் நினைவுக்கு வந்தது. பள்ளி விட்டதும் கணக்குப் பிரிவில் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண் அவள்.

சனிக்கிழமை காலை. கூட்ட அறையில் ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கடியில் கம்பெனியின் சொந்த வாளி ஒன்று, கைப்பிடி கோணலாக வந்ததால் விற்காதது. மேசையைச் சுற்றி முதலாளி, முதலாளியம்மா, மகள்; மூவரும் பங்குதாரர்கள். மாப்பிள்ளை கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டார். ஆடிட்டர் பேரக்குழந்தையைப் பார்க்க விமானம் ஏறிவிட்டார்.

கூட்டலக்கா படித்தாள். "கம்பெனி லாபம் நாப்பது. முதல்ல வாளி மெஷின் தேய்மானம், ஒன்பது லட்சம் கூட்டணும்."

"ஏன்?"

"நம்ம கணக்குல மெஷின் பத்து வருஷம் தேயும். வரித்துறை அதை அஞ்சே வருஷத்துல தேய்ச்சு முடிச்சிடுச்சு. அப்ப வரி கம்மியா கட்டினோம். அந்த வரி பின்னால வரும், பணத்தை எடுத்து வைங்கன்னு சொன்னேன். சார் வீட்டுக்கு பளிங்குத் தரை போட்டாரு."

முதலாளி இருமினார்.

"ரெண்டாவது, வராதுன்னு நாம பயந்து ஒதுக்கின பாக்கி, மூணு லட்சம். பாக்கிக்காரன் நெஜமாவே ஓடிப்போனப்புறம் வான்னு வரித்துறை சொல்லும். மூணாவது, லாரி அபராதம் நாப்பதாயிரம். நாலாவது, முதலாளி வீட்டுக்குப் பெயிண்ட், ரெண்டு லட்சத்து அறுபதாயிரம்."

"கைக்காசுல அடிச்சேன்னு சொன்னீங்களே" என்று முதலாளியம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி ஏசியைப் பார்த்தார்.

"அஞ்சாவது, ஓட்டல் விருந்து, ஒரு லட்சம்." அத்தோடு நிறுத்தினாள்.

மாப்பிள்ளை கைபேசியை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "அம்பத்தாறு. இன்னும் அஞ்சு லட்சம் எங்க?"

அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் வாளியில் விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் சோறு போட்ட மனிதர் என்று மரியாதை வைத்திருந்தாள். அதில் பாதி அங்கேயே கழிந்தது.

"கூட்டல்ல தப்பு பண்ணியிருப்பேன்" என்றாள்.

அந்தக் கட்டிடத்தில் யாரும் அவள் வாயிலிருந்து கேட்டிராத வாக்கியம் அது.

"அஞ்சு லட்சம் தப்பா? நல்லா இருக்கு. நாளையிலேருந்து வர வேண்டாம் மேடம். பாக்கியைப் போலீஸ் பாத்துக்கட்டும்."

அவள் கோப்பை மூடிவிட்டு எழுந்தாள்.

"உக்காருங்கக்கா" என்றாள் மகள். கையை நீட்டி அந்தத் தாளை வாங்கி, கணவர் முன்னால் வைத்து, ஆறாவது இடத்தில் விரலை வைத்தாள். "சத்தமா வேண்டாம். மனசுக்குள்ள படிங்க. நான்தான் அப்பாகிட்ட கேட்டேன்."

மாப்பிள்ளை படித்தார். இன்னொரு முறை படித்தார். முதலாளியம்மா என்ன என்ன என்று எட்டிப் பார்த்தார், ஒருவரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் கட்டைவிரல் மெதுவாகக் கைபேசியில் ஐந்து லட்சத்தை அழுத்தியது. அறுபத்தொன்று வந்தது.

"கணக்கு சரி" என்றார், தரையைப் பார்த்து.

கூட்டலக்கா அப்போதும் உட்காரவில்லை. "வெளியில ஒன்பது பேர் இருக்காங்க. அவங்ககிட்டயும் சொல்லணும்."

மாப்பிள்ளை எழுந்து கதவைத் திறந்து, கணக்குப் பிரிவின் நடுவில் நின்று, அதையே சொன்னார். குற்றம் சாட்டிய அன்றுபோல் அவ்வளவு சத்தமாக அல்ல, ஆனாலும் ஒன்பது பேருக்கும் கேட்டது.

திங்கட்கிழமை காலை கண்ணாடி அறைக்காரர் அவள் மேசைக்கு வந்து, பில் நீட்டுபவர்கள் உட்காருகிற ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார். மன்னிப்பு என்று தலைப்பிட்டு எதுவும் வரவில்லை.

"அந்த அஞ்சு லட்சத்துக்குக் கம்பெனி எவ்ளோ வரி கட்டுச்சு?"

"ஒண்ணேகால் லட்சம். மூணு வருஷத்துக்கு மூணே முக்கால்."

"என் சம்பளத்துல மாசா மாசம் பிடிச்சுக்கோங்க."

"சரி. எழுதிக் குடுங்க."

அவர் எழுதிக் கொடுத்தார். எழுந்து போகவில்லை. பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"அந்த அறிக்கைகள்... அதை யாராவது படிச்சாங்களா அக்கா?"

மேடம் அக்காவானதை அவள் கவனித்தாள். அலமாரியைத் திறந்து, நீல அட்டை போட்ட மூன்றையும் எடுத்து மேசையில் வைத்தாள். ஓரங்களில் காகிதச் சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"நான் படிச்சேன், மூணையும். மோசமில்ல. ரெண்டாவதுல நாப்பத்தோராம் பக்கம் கூட்டல் தப்பு."

மாப்பிள்ளை நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு நாற்பத்தோராம் பக்கத்தைத் தேடினார்.